இடது பக்கம் டீச்சரம்மா

ஃபியட் சாரிடம் வண்டியின் வயதைக் கேட்கலாம், மைலேஜைக் கேட்கலாம், விற்கிற எண்ணம் உண்டா என்றுகூடக் கேட்டுப் பார்க்கலாம். 'இடது பக்கம் ஏன் சைடு மிரர் இல்லை?' என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் காபி குடிக்காமல் வீடு திரும்ப முடியாது. மதியச் சாப்பாடும் அங்கேயே ஆகிவிடலாம்.

சென்னையில் பேட்டைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர், இல்லாவிட்டால் வங்கி மேலாளர். வாசலில் உறை போட்டு மூடிய பிரீமியர் பத்மினி. ஆர்.சி. புத்தகம் பத்மினி என்று சொன்னாலும் அவர் வாயில் அது ஃபியட்தான். இத்தாலிக்காரன் வடிவமைத்த 1100-ஐ பம்பாய் குர்லாவில் கட்டினார்கள், 1964-ல் டிலைட் என்று வந்தது, 1974-ல் சித்தூர் ராணியின் பெயரை வைத்தார்கள் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் குலம் கோத்திரம் சொல்வதுபோல் ஒப்பிப்பார். 2023 அக்டோபரில் மும்பையில் பத்மினி டாக்சிகள் விடைபெற்ற செய்தி வந்த அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. "மறுநாள் காலையில ரெண்டு தோசை கூடப் போச்சு" என்றார் அவர் மனைவி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தெருவுக்கே டீச்சரம்மா.

ஃபியட் சாரின் மதம் 'ஒரிஜினல்'. மற்ற மதங்களைப் போல இதிலும் சலுகைகள் உண்டு. பானெட்டைத் திறந்தால் பாயின்ட் செட் இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கும். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்து பல வருடம் ஆகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் செல்போன் சார்ஜர் ஒளிந்திருக்கும். கேட்டால், "அதெல்லாம் உள்ளுக்குள்ள சார், யார் பார்க்கப் போறாங்க" என்பார். கதவு அப்படியில்லையே, ஊர் பார்க்கிற இடம். அதில் ட்ரில் வைத்து ஓட்டை போடுவதா? "எனக்கு வேணும்னா இன்னொரு தடவை காது குத்துங்க!" ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும் என்று காரணமும் சொல்வார். அதே கதவின் அடிப்பகுதியில் டிங்கரின் அப்பா ஒரு முறையும் டிங்கர் பலமுறையும் பட்டி பார்த்திருக்கிறார்கள் என்பது பேச்சில் வராது.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்துக் கார்களில் ஓட்டுநர் பக்கம் ஒரு கண்ணாடி இருந்தாலே பெரிது. முந்துகிறவன் வலது பக்கமாக, ஹாரன் அடித்து, ஒப்புதல் வாங்கிக்கொண்டு முந்தினான். இடது பக்கமாக ஷேர் ஆட்டோ நுழையும், சாப்பாட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு பைக் பையன் பறப்பான் என்று யாருக்கு ஜோசியம் தெரியும்?

தவிர, ஃபியட் சாருக்கு இடது கண்ணாடி இல்லாமலில்லை. கல்யாணமான நாள் முதல் அந்த வேலையை டீச்சரம்மா பார்த்து வந்தார். "ஏங்க, சைக்கிள்... பால்காரர்... இப்பப் போகலாம்... இருங்க இருங்க இருங்க!" லாரி கிளீனருக்காவது கதவைத் தட்டினால் போதும். டீச்சரம்மா காலை அசெம்பிளிக் குரலில் சொல்வார். பின்னால் வருகிற சைக்கிள்காரரும் சேர்ந்து நின்றுவிடுவார்.

மகளின் பிரசவத்துக்காக டீச்சரம்மா பெங்களூரு போன முதல் வாரமே, இடது மட்கார்டிலிருந்து பின்கதவு வரை ஒரு ஆட்டோ கோடு போட்டுவிட்டுப் போனது. ஃபியட் சார் இரண்டு நாள் அந்தக் கோட்டின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் புதுப்பேட்டைக்குக் கிளம்பினார்.

அங்கே வலது கண்ணாடி குவியலாகக் கிடந்தது. "லெஃப்ட்டா? கம்பெனியே போடாததுக்கு நான் எங்க சார் போவேன்?" என்றார் கடைக்காரர். ஜி.பி. ரோட்டில் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒன்றைக் காட்டினார்கள். ஃபியட் சார் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

ஞானம் அன்றிரவு வந்தது. இத்தாலியில் சாலையின் வலது பக்கம் போகிறார்கள், ஓட்டுநர் இடது பக்கம் உட்காருகிறார். ஆகவே டூரினில் பிறந்த அசல் ஃபியட்டுக்குக் கண்ணாடி வைக்கிற இடமே இடது கதவு! நம்மிடம் இருப்பதுதான் நகல், இல்லாததுதான் ஒரிஜினல். மிலானில் வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட அக்கா பேரன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது, முறுக்கு வாங்கிக்கொண்டு போகிற பெட்டியில் வட்டமான குரோம் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தான். ராகு காலம் கழித்து, மெக்கானிக் கதவில் துளையிட்டார். ஃபியட் சார் அப்போது வீட்டுக்குள் போய் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

கண்ணாடி பளபளத்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் சாலையோரம் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணாடி தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் இத்தாலிக்காரனுக்காகச் செய்யப்பட்டது. வண்டியின் அகலத்தைத் தாண்டி எதிர்க்கோடியில் இருக்கும் ஆளைப் பார்த்து அதன் கழுத்து திரும்பாது. திருப்பினாலும் நடுவில் முக்கோணக் கண்ணாடியின் சட்டம் குறுக்கே நிற்கும். போதாக்குறைக்குச் சமதளக் கண்ணாடி. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அதில் சாலையின் ஒரு கீற்றுதான் அகப்படும். மெக்கானிக் அடியில் ரப்பர் ஆப்பு வைத்துச் சாய்த்தார். வட்டத்துக்குள் இருந்த இத்தாலியைப் பெயர்த்தெடுத்துவிட்டு, ஸ்கூட்டி ஒன்றின் குவிகண்ணாடியை அளவாக வெட்டி ஒட்டினார். உலகம் தெரிந்தது. வண்டி நின்று இயங்கும்போது மட்டும் அந்த உலகம் நடுங்கியது.

அதற்கும் ஃபியட் சாரிடம் ஒரு முன்னோர் இருந்தார். 1911-ல் நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 மைல் பந்தயத்தில் மற்றவர்களெல்லாம் பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டினார்கள். ரே ஹாரூன் மட்டும் ஆளை இறக்கிவிட்டு ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் ஜெயித்தார். செங்கல் பாவிய பாதையின் அதிர்வில் அதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். "ஹாரூனுக்கே ஆடிச்சு சார்!"

ஊரிலிருந்து திரும்பிய டீச்சரம்மா கண்ணாடியை ஒரு முறை பார்த்தார். உட்கார்ந்தார். தெருமுனை வந்ததும், "ஏங்க, ஆட்டோ!"

"அதான் கண்ணாடி இருக்கேம்மா. தூரத்துலதான் வர்றான்."

"உங்க கண்ணாடி எல்லாத்தையும் சின்னதாக் காட்டுது. அவன் பின்கதவுகிட்ட வந்துட்டான்."

வந்துதான் விட்டிருந்தான். அன்றிலிருந்து ஃபியட் சார் கண்ணாடி சொல்லும் தூரத்தையும் டீச்சரம்மா சொல்லும் தூரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து ஓட்டுகிறார்.

சென்ற மாதம் பழைய கார்கள் அணிவகுப்பில், மதிப்பெண் போட வந்தவர் இடது கதவருகே குனிந்து நின்றார். ஃபியட் சார் நெஞ்சை நிமிர்த்தி, "டூரின் ஒரிஜினல்" என்றார். உள்ளே இருந்து டீச்சரம்மா தலையை நீட்டி, "சட்டம் மட்டும்தாங்க. கண்ணாடி ஸ்கூட்டியோடது" என்றார்.