டிக்கெட்டு எடுத்துத் தாராவி பாக்கப் போற மருமவனுக்கு

என்ன வே மருமவனே, பம்பாய்க்குப் போறீராம். போன கையோட தாராவியைச் சுத்திப் பாக்க டிக்கெட்டும் போட்டுட்டீராம். உங்க அம்மா சொன்னா. நல்ல காரியம். மைசூரு அரண்மனை, தஞ்சாவூரு அரண்மனைன்னு ராசாமாரு வீட்டையே எத்தனை நாளைக்குத்தான் துட்டுக் கொடுத்துப் பாக்கது? கூலிக்காரன் வீட்டையும் பாத்துட்டா கணக்கு நேராயிரும். 2019-ல ஒரு பயணக் கம்பெனிக்காரன் போட்ட பட்டியல்ல, இந்தியாவுக்கு வாரவன் விரும்பிப் போற எடத்துல தாராவி தாஜ்மஹாலையே முந்திட்டாம். ஷாஜகான் பாவம், அம்புட்டு வெள்ளைக் கல்லு எறக்குனதுக்கு நாலு லோடு தகரம் எறக்கியிருக்கலாம்.

மூடின செருப்பு போட்டு வரணும்னு டிக்கெட்டுலயே போட்டிருப்பான். அதை மட்டும் தட்டாதேயும். சந்துல தண்ணி தேங்கிக் கெடக்கும், தகரச் சில்லு கெடக்கும். ஆனா செருப்பை மாட்டும்போது இந்தப் பழைய கணக்கையும் நெனைச்சுக்கிடும். நம்ம ஊரு மேலத்தெருவுல ஒரு காலத்துல சில பேரு செருப்பைக் கையில தூக்கிட்டுத்தான் நடக்கணும். உமக்குத் தெரியாது, நீரு பொறந்து தெரு சிமெண்டு ரோடு ஆனப்புறம் வந்தவரு. பஞ்சம் பாதி வெரட்ட, மேலத்தெரு வாயி மீதி வெரட்ட, அப்படி ரயிலேறிப் போனவன்ல பாதிப்பேரு போய்ச் சேந்த எடம்தான் தாராவி. அவனைச் செருப்போட நடக்க விடாதவன் பேரன் இன்னைக்குத் துட்டுக் கட்டி, அவன் தெருவுல செருப்புப் போட்டு நடக்கப் போறான். அவன் பழசை ஒண்ணும் எடுக்க மாட்டான். "பாத்து வாங்க சார், வழுக்கும்"னு கையைப் பிடிச்சு வேற விடுவான்.

பொறவு மேலத்தெருவுல வயலைத் தொலைச்சவனும் அதே ரயில்ல ஏறுனான். உம்ம சித்தப்பா அந்த வகை. அதுக்கு அப்புறம் வாரேன்.

நம்மாளுக்குத் தாராவின்னா சினிமாதான். 'நாயகன்' பாத்தான், 'காலா' பாத்தான், பம்பாயைப் பாத்துட்டு வந்த மாதிரி பேசுதான். ரெண்டுலயும் முக்காவாசித் தாராவி மெட்ராஸுல போட்ட செட்டு. 'நாயகனு'க்குத் தோட்டா தரணி பலகையும் சாயமும் வச்சுக் கட்டுனதைப் பாத்துட்டு, "நான் தாராவியைப் பாத்திருக்கேன்"ம்பான். நீராவது ஒரிஜினலைப் பாரும்.

ஒரிஜினல்னா என்ன? முன்ன அது கடல்கழி ஓரம் கோளி மீனவங்க இருந்த கிராமம். இன்னைக்கும் கோளிவாடான்னு ஒரு பகுதி இருக்கு. மீதியெல்லாம் சதுப்பு. பக்கத்துல பாந்திராவுல ஆடுமாடு அறுக்கிற எடம் இருந்ததால, போன நூத்தாண்டுக்கு முந்தின நூத்தாண்டு கடைசியில நம்ம திருநெவேலிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிங்க போயி தோல் ஊற வச்சாவ. அவிய பின்னாலயே கூலிக்காரனும் போனான். 1887-ல பள்ளிவாசல் வந்துட்டு, 1913-ல பிள்ளையார் கோயில் வந்துட்டு. சௌராஷ்டிரத்துக் குயவருங்க வந்து கும்பார்வாடா ஆச்சு. எல்லாருமாச் சேந்து குப்பையும் மண்ணும் கொட்டிச் சதுப்பைத் தூத்து, கால் வைக்க எடம் பண்ணுனாவ. பண்ணி முடிச்சப்புறம் சர்க்கார் வந்து பாத்து, "இது ஆக்கிரமிப்பு"ன்னுட்டு. சேத்துல நின்னவரைக்கும் யாரும் ஆக்கிரமிப்புன்னு சொல்லல பாத்துக்கிடும்.

"ஆசியாவுலயே பெரிய சேரி"ன்னு ஒரு பட்டமும் கொடுத்து வச்சிருக்காவ. கராச்சியில ஒராங்கின்னு ஒண்ணு இருக்கு, அதுதான் பெருசுன்னு சொல்லுதவனும் உண்டு. விடுவோமா நாம? பாகிஸ்தானுக்குக் கிரிக்கெட்டுல விட்டுக் கொடுத்தாலும் கொடுப்போம், இதுல கொடுக்க மாட்டோம்.

மாஹிம் ஸ்டேஷன்ல கூடுவீரு. நடைபாலம் ஏறி எறங்குனா தாராவி. கூட்டிட்டுப் போற பய அங்கன பொறந்து காலேஜு படிக்கிறவனா இருப்பான், உம்மைவிட நல்லா இங்கிலீசு பேசுவான், அதுக்கு ஆச்சரியப்பட்டு மூஞ்சியைக் காட்டாதேயும். 2006 வாக்குல ரியாலிட்டி டூர்ஸுன்னு ஒரு கம்பெனி இதைத் தொடங்கிச்சு, ஒரு இங்கிலீசுக்காரரும் நம்ம நாட்டுக்காரரும் சேந்து. போட்டோ எடுக்கப்படாது, லாபத்துல 80 சதவீதம் தரும காரியத்துக்குன்னு சட்டம் வச்சாவ. பொறவு அதைப் பாத்து ஆளாளுக்கு ஒரு கம்பெனி. எவன் எதைக் கொடுக்கான்னு டிக்கெட்டுப் போடும்போதே கேட்டிருக்கணும். கேட்டிருக்க மாட்டீரு. காப்பித் தண்ணி உண்டான்னு கேட்டிருப்பீரு.

போட்டோ எடுக்காம இருக்கதுதான் உமக்குக் கஷ்டம். கருப்பட்டிக் காப்பி குடிச்சாலே நாலு படம் எடுத்துப் போட்டுட்டு, ஆறினப்புறம் குடிக்கிற ஆளு நீரு. முதல் அரை மணி நேரம் கை அரிக்கும். பைக்குள்ள விட்டுக்கிடும்.

முதல்ல பதிமூணாம் காம்பவுண்டுக்குக் கூட்டிட்டுப் போவான். அங்க நல்லா நின்னு பாரும். பம்பாயில நீரு வீசுற தண்ணி பாட்டிலு, உடைஞ்ச நாற்காலி, ஷாம்பு டப்பா, பெயிண்டு தகரம் எல்லாம் மூட்டை மூட்டையா அங்கதான் வந்து எறங்குது. ஒருத்தன் ஒரு துண்டைக் கையில எடுப்பான், தட்டிப் பாப்பான், சந்தேகம்னா நெருப்புல காட்டி மோந்து பாத்து, இது இன்ன சாதி பிளாஸ்டிக்குன்னு சொல்லிருவான். நம்ம ஊருல மனுசனைத்தான் அப்படி மோந்து பாத்துச் சொல்லுவாவ. நிறம் பிரிச்சு, சில்லு சில்லா அரைச்சு, கழுவி, கூரை மேல காய வைப்பாவ. அரைக்கிற மெஷினும் அங்கேயே செஞ்சதுதான். அடுத்த கொட்டாயில பழைய பெயிண்டு டப்பாவுக்கு நெளிவு எடுப்பான், எண்ணெய் டின்னைச் சுடுதண்ணியில கழுவுவான். கொல்லுப் பட்டறைச் சத்தம், புகை, கண்ணு எரியும். துடைச்சுக்கிடும், அழுததா நெனைச்சிரப் போறாவ.

இங்கனதான் வழிகாட்டி அந்தக் கணக்கைச் சொல்லுவான். வருசத்துக்கு நூறு கோடி டாலர் புரளுது சார் தாராவியிலன்னு. அந்தக் கணக்கை எல்லாரும் சொல்லுதாவ, உக்காந்து எண்ணுனவன் ஒருத்தனும் கெடையாது. நீரு உடனே வாயைப் பொளந்து "அமேசிங்"கும்பீரு. பொளக்கதுக்கு முன்னால ஒண்ணு கேளும். புரளுத துட்டுல, இந்தா புகைக்குள்ள முகமூடியில்லாம நிக்கானே, இவன் கைக்கு நாளொண்ணுக்கு எவ்வளவு? ராத்திரி எங்க படுக்கான்? வழிகாட்டி மேல கையைக் காட்டுவான். உ.பி., பீகாருல இருந்து வந்த பயலுவ, பகல்ல அரைக்கிற கொட்டாயிலயே ராத்திரி பாயைப் போட்டுப் படுக்கான். வாடகை மிச்சம், ஊருக்கு அனுப்பலாம். முதலாளிக்குக் காவலும் மிச்சம்.

இதைப் பாத்துட்டு வாரவன்ல ரெண்டு தினுசு உண்டு. ஐயோ பாவம்னு மூக்கை உறிஞ்சிட்டு வாரவன் ஒருத்தன். "என்னா உழைப்பு, என்னா சுறுசுறுப்பு, ஒருத்தர் மூஞ்சியிலயும் கவலையே இல்ல"ன்னு வாரவன் இன்னொருத்தன். ரெண்டாவது ஆளு படிச்சவன், உம்ம கூட்டாளி. எனக்கு முதல் ஆளுதான் தேவலை. அவன் நூறு ரூவாயாவது கொடுப்பான். இவன், அவங்களுக்கு ஒண்ணும் தேவையில்ல, நமக்குத்தான் அவங்ககிட்ட படிக்க நெறைய இருக்குன்னு சொல்லிப் பையை மூடிருவான். கவலை இல்லாம இருக்காவளாம்! உம்ம எதுக்க நின்னு எதுக்கு வே அவன் கவலைப்படணும், நீரு என்ன மாமனா மச்சானா?

பொறவு வீடுக இருக்கிற சந்து. ரெண்டு தோளும் ரெண்டு சுவத்துல உரசும். தலைக்கு மேல கரண்டு வயரு, காலுக்கு அடியில சிலாப்பு, அதுக்கு அடியில சாக்கடை. குனிஞ்சு நடக்கணும். மாமன் சொன்னா குனிய மாட்டீரு, வயரு சொன்னா குனிவீரு. கதவு எல்லாம் தொறந்தே கெடக்கும். தொறந்திருக்குன்னா எட்டிப் பாக்கச் சொல்லுதாவன்னு அர்த்தமில்ல, உள்ள காத்து வரணும்னு அர்த்தம். ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாத்தையும் ஓட்டல்லயே முடிச்சிட்டுக் கெளம்பும். அங்க இருக்கிறவனே பொதுக் கக்கூசுல டப்பாவோட வரிசையில நிக்கான், சுத்திப் பாக்க வந்தவரு நடுவுல பூந்தா நல்லா இருக்காது.

அந்தச் சந்துல ஏதோ ஒரு வாசல் உம்ம சித்தி வாசல். ஆமா, எந்தங்கச்சிதான். மறந்துட்டீரா? சித்தப்பா இருந்த வரைக்கும் விடியக் கருக்கல்ல இட்லி அவிச்சு, சைக்கிள்ல கட்டி, ஹாரன் அமுக்கிட்டுப் பம்பாய்த் தெருவெல்லாம் வித்தாரு. நீரு காலேஜுல சேந்தப்போ அங்கேயிருந்து வந்த மணியார்டர் அந்த இட்லிதான். இப்ப அவ தீபாவளிச் சமயம் முறுக்கு சுத்திக் கடைக்குப் போடுதா. நீரு அஞ்சாறு வெள்ளைக்காரன் கூட்டத்துல நின்னு, கழுத்தை நீட்டி அவ அடுப்பைப் பாக்கீரு. அவ நிமிந்து பாக்கா. என்ன செய்வான்னு நெனைக்கீரு? "வாய்யா, சாப்பிட்டியா"ம்பா. கூட வந்த அத்தனை பேரையும் உள்ள வந்து உக்காரச் சொல்லுவா. உக்கார எடம் இருக்காது, அது வேற விசயம். வழிகாட்டி நேரமாச்சும்பான், அவ முறுக்கைத் தட்டுல வைப்பா. அன்னைக்கு டூரு கெட்டுது.

கவுத்துப் போட்ட கூடை மேல அப்பளம் காயுறதைக் காட்டுவான், கும்பார்வாடாவுல பஞ்சுக் கழிவு போட்டுச் சூளை எரியுறதைக் காட்டுவான். கடைசியில தோல் பைக் கடை. அதெல்லாம் சும்மா பாத்துட்டு வாரும், பேரம் மட்டும் பேசாதேயும். மாலுல சொன்ன வெலைக்குக் கார்டைத் தேய்க்கிற மனுசன் இங்க வந்து அம்பது ரூவா கொறைக்கச் சொல்லப்படாது.

ஆனா ஏதாவது ஒரு மொட்டை மாடிக்கு ஏறச் சொன்னா ஏறும். கீழ நீலத் தார்ப்பாயும் தகரமும் தெரியும். அங்கன நின்னு மித்தி ஆத்துக்கு அந்தப் பக்கம் பாரும். கண்ணாடிக் கட்டடமா மின்னும். பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸு, பேங்குக்காரனும் வைர வியாபாரியும் இருக்கிற எடம். இந்தச் சதுப்புக்கு இப்ப ஏன் இம்புட்டு மாப்பிள்ளை போட்டி போடுதாவன்னு அப்ப வெளங்கும். 2022-ல தாராவியை இடிச்சுக் கட்டுற ஏலம் அதானி குரூப்புக்குப் போச்சு. 2024-ல வீடு வீடா நம்பர் எழுதிக் கணக்கெடுக்க ஆரம்பிச்சாவ. 2000-ம் வருசம் ஜனவரி 1-க்கு முன்னால தரைத்தளத்துல இருந்தேன்னு காயிதம் காட்டுனவனுக்குத் தாராவியிலயே 350 சதுர அடி வீடு, சும்மா. பின்னால வந்தவனுக்கும் மாடியில இருக்கிறவனுக்கும் வேற எங்கயாவது தள்ளி, வாடகைக்கோ வெலைக்கோ. உப்பள நிலத்தைக்கூட அதுக்கு ஒதுக்கியிருக்காவ. சதுப்பைத் தூத்தவனுக்கு உப்பளம், நல்ல பொருத்தம்தான்.

இப்ப விசயத்துக்கு வாரேன். உம்ம சித்தி இருக்கது தரைத்தளம். மேல ஒரு தட்டு எடுத்து ரெண்டு உ.பி. பையங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கா. காயிதம்தான் கையில இல்ல. 1993 கலவரத்துல பயந்து புள்ளைகளைக் கூட்டிட்டு ஊருக்கு ஓடியாந்தாளே, அப்பக் கொண்டு வந்த தகரப் பெட்டியில பழைய ரேஷன் கார்டும் ரெண்டு கரண்டு பில்லும் நம்ம பரண்லயே கெடந்து போச்சு. போன வாரம்தான் எலி தின்ன மிச்சத்தைப் பாத்தேன், அவ பேரும் வருசமும் நல்லாத் தெரியுது. தபால்ல அனுப்ப எனக்கு நம்பிக்கை இல்ல, நீரே கையோட கொண்டு போரும். டூருக்கு ஒரு நாள் முன்னாலயே தாராவி 90 அடி ரோட்டுக்குப் போயி அவளுக்குப் போனைப் போடும், அவ வந்து கூட்டிட்டுப் போவா, அதுக்கு டிக்கெட்டு கெடையாது. நாலு ஜெராக்ஸு எடுத்து வையும். ஒரிஜினலை வேற எவன் கேட்டாலும் கொடுக்காதேயும், அவ கையிலதான் கொடுக்கணும்.