பாட்டி, கேஸ் தலை பார்க்கணும்

சுங்கை பட்டாணியில் ஒரு தாமான் வீட்டுக்குள் நுழைவது சாதாரண விஷயம் இல்லை. முதலில் ஆட்டோகேட். அதற்குள் ஒரு நாய். நாயைத் தாண்டினால் இரும்பு கிரில், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. பிறகு மரக்கதவு. எல்லா ஜன்னலுக்கும் கம்பி, தலைக்கு மேலே சிசிடிவி. மழை நாளில் வீட்டுக்காரனே நனைந்துகொண்டு சாவிக்கொத்தைத் துழாவுவான். நாயும் அவனைப் பார்த்துத்தான் குரைக்கும். இத்தனையையும் ஒரு பையன் வெளியில் நின்றபடி, "பாட்டி, கேஸ் தலை செக் பண்ணணும்" என்ற ஒரே பேச்சில் திறந்துவிடுகிறான்.

என் அப்பா ஹார்வர்டில் இருந்தவர். அமெரிக்காவுக்குப் போய்விடாதீர்கள், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் எஸ்டேட். அங்கே லயத்து வீட்டுக்குப் பலகைக் கதவு, உள்ளே ஒரு கட்டைத் தாழ், அவ்வளவுதான். வெளியே போனால் கதவைச் சாத்திவிட்டுப் போவோம். காற்றுக்குத் திறந்துகொண்டால் பக்கத்து வீட்டு அத்தை வந்து சாத்துவார். சாத்துவதற்கு முன்னால் எங்கள் சட்டியில் என்ன குழம்பு என்றும் பார்த்துவிடுவார்.

'திருட அங்கே என்ன இருந்தது' என்று கேட்பவர்கள் தோட்டத்தில் வாழாதவர்கள். கோழி இருந்தது, சைக்கிள் இருந்தது, ரேடியோ இருந்தது. ஒட்டுப்பால் திருடவே இருட்டில் மலைக்காட்டுக்குள் ஆள் வரும். ஆனால் லயத்துக்குள் வரமாட்டான். வந்தால் அஞ்சடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும் பெண்களைக் கடக்க வேண்டும். 'யாரு வீட்டுக்கு? எந்தத் தோட்டம்? யாரு மவன்? அவருக்கு மூணும் பொண்ணாச்சே, நீ எங்கிருந்து வந்த?' நாலாவது கேள்விக்குள் நல்லவனுக்கே வேர்த்துவிடும். எங்கள் லயத்துக்குப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் முதல் வீட்டிலேயே பாதி மனது மாறித் திரும்பிப் போன கதையும் உண்டு.

என் பாட்டியைக் கேட்டால் அவசரகாலத்தில்தான் பாதுகாப்பு இருந்தது என்பார். 1948இலிருந்து 1960வரை. லயங்களைச் சுற்றி முள்கம்பி, இரவில் ஊரடங்கு, காலையில் வேலைக்காட்டுக்குப் போகும்போது கேட்டில் சோதனை. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்களாம். "ஒரு குண்டூசி களவு போனதில்ல" என்று பெருமையாகச் சொல்வார். தாங்கள்தான் கம்பிக்கு உள்ளே இருந்தோம் என்பது அவருக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

சுங்கை பட்டாணி இருக்கும் கெடாவுக்குக் கொள்ளைக்காரர்கள் ஒன்றும் புதிதல்ல. 1900 முதல் 1929 வரை இங்கே கிராமங்களில் நடமாடிய கொள்ளையர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் சியா பூன் கெங் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அவர்களில் சாலே துய் போன்றவர்களை ஏழை விவசாயிகள் வீரர்களாகவே பார்த்தார்களாம். அவர்கள் யாரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, "பாட்டி, நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தவன் விசாரித்தான். தோட்டம் துண்டாடப்பட்டு, சனங்கள் தாமானுக்கும் ஃபிளாட்டுக்கும் சிதறிய பிறகு அம்மா என்னோடு இருக்கிறார். பகல் முழுக்கத் தனியாக. பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது; அந்த வீட்டு மோட்டார் சத்தம் மட்டும் தெரியும். அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில் தேய்த்த சட்டையும் கையில் ஃபைலுமாக ஒரு தமிழ்ப் பையன் கேட்டில் நின்றால், பாலைவனத்தில் தேங்காய்த் தண்ணீர் கிடைத்த மாதிரிதானே?

பழைய பழக்கம் போகவில்லை, விசாரணையைத் தொடங்கினார். அத்தனையையும் சிசிடிவி ஒலியோடு பதிவு செய்திருக்கிறது.

"எந்தத் தோட்டம்பா நீ?"

"பக்கத்துலதான் பாட்டி."

"ஸ்கார்பரோவா?"

"ஆமா பாட்டி."

"மூக்கைப் பார்த்தா லாரிக்கார மாரி மாதிரியே இருக்கு. அவரு பேரனா?"

"அவரு பேரன்தான் பாட்டி."

"அப்ப நீ சரசு மவன்! அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?"

"இப்ப பரவால்ல பாட்டி."

ஐந்து நிமிடத்தில் அவனுக்கு அப்பா, அம்மா, தாத்தா, முட்டிவலி எல்லாம் அம்மாவே ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டார். லயமாக இருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து, "சரசுக்கு ஏதுடி ஆம்பளப் புள்ள?" என்று ஒரு குரல் வந்திருக்கும். இங்கே பக்கத்து வீட்டில் ஏர்கோன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மைலோ வந்தது. பிஸ்கோத்து வந்தது. பிறகு அவன் அடுப்படிக்குப் போய், கேஸ் தோங்கின் தலையில் சோப்புத் தண்ணீரை நுரைக்க நுரைக்கப் பூசி, "பாருங்க பாட்டி, குமிழி. லீக்காகுது" என்றான். சோப்புத் தண்ணீரை அப்படிக் கலக்கினால் பாறாங்கல்லில்கூடக் குமிழி வரும். ஓரிடத்தில் தொடர்ந்து ஊதிப் பெருத்தால்தான் கசிவு. 180 வெள்ளிக்குப் புதுத் தலை மாட்டினான். ஹார்டுவேர் கடையில் அதற்குக் கால்வாசி விலைதான்.

சேதி பரவியதும், இதுவரை முகம் காட்டாத அண்டை வீட்டார் எல்லாம் வந்தார்கள். எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: பூக்காவ், அதாவது வசியம். பொடி ஊதினானா, தோளைத் தட்டினானா, கண்ணை உற்றுப் பார்த்தானா என்று அம்மாவைச் சுற்றி நின்று கேட்டார்கள். மலேசியாவில் வாசலில் ஏமாந்த எவருக்கும் இந்த மரியாதையான வழி உண்டு. என்னைக் கேட்டால், மயங்கியவன் அந்தப் பையன்தான். மூன்று தலைமுறைக் குடும்பக் கதையைக் கேட்டுவிட்டு அவன் தள்ளாடிக்கொண்டு வெளியே போனது கேமராவில் தெளிவாக இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின்படி, இப்படி வீடு தேடி வந்து விற்ற சரக்கை 10 வேலை நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். விற்றவனிடம் உரிமம் இருக்க வேண்டும், ரசீதில் உண்மையான முகவரி இருக்க வேண்டும். எங்கள் ரசீதில் இருந்த எண்ணை அழைத்தபோது பாலிங்கில் ஒரு கோழிக்கடைக்காரர் எடுத்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இந்த மாதிரி விஷயங்களைத் தமிழிலும் பத்திரிகை போட்டுச் சொல்கிறது. எங்கள் வீட்டில் அந்தத் தாள் கேஸ் தோங்குக்கு அடியில்தான் விரித்திருந்தது.

அதன் பிறகு அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். மின்சார மீட்டர் கேட்டோரம் இருக்கிறது, அதைப் படிக்க வருகிறவன் படுக்கையறைக்கு வர வேண்டியதில்லை. கழுத்து அட்டையை எந்தக் கடையிலும் அடித்துக்கொள்ளலாம். சந்தேகமா, கிரிலைத் திறக்காமல் அலுவலகத்துக்குப் போன் போடு; எண்ணை அவனிடம் கேட்காதே, பில்லில் பார். அவசரம் என்றால் 999. போனிலேயே பணத்தைக் கறந்தால் அதற்கு 997, 2022இலிருந்து இருக்கிறது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரசு மவனும் நல்லாத்தான் பேசினான்" என்றார்.

போன மாதம் மறுபடி கேட்டில் இரண்டு பேர். டெங்கி சோதனை என்றார்கள். கிரிலைத் திறக்கவில்லை அம்மா. அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தத் தோட்டம் என்று கேட்கவே இல்லை. வெயிலில் நிற்க வைத்தே எனக்குப் போன் போட்டார், நான் சுகாதார அலுவலகத்துக்குப் போட்டேன். அசல் அதிகாரிகள்தான். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி கொசுப்புழு தேட அவர்களுக்கு வீட்டுக்குள் வர அதிகாரம் உண்டு. வந்தார்கள், மணி பிளாண்ட் வைத்த ஜாடியில் டார்ச் அடித்தார்கள். உள்ளே புழு நீந்திக்கொண்டிருந்தது. 500 வெள்ளி அபராதச் சீட்டு.

சாயங்காலம் நான் வந்ததும் அம்மா சீட்டை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நீ போன் போட்டு விசாரிச்சிருக்கவே வேணாம். சிரிக்கல, உக்காரல, மைலோ வேணாம்னுட்டாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அசல் கவர்மெண்டு ஆளுங்கதான்னு."