பிள்ளைக்கறிப் புகார்

கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோமில் கிறிஸ்தவராக வாழ்ந்தவருக்குச் சிங்கத்தைவிடப் பெரிய தொல்லை பக்கத்து வீட்டுக்காரர்தான். சிங்கம் என்றைக்கோ ஒருநாள் வரும். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் ஜன்னலில் நிற்பார்.

அவர் நிலையிலிருந்தும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிர்வீட்டுக் குடும்பம் விடிவதற்குள் எழுந்து எங்கேயோ கிளம்பிப் போகிறது. சக்கரவர்த்திக்கு விழா என்று ஊரே வாசலில் விளக்கேற்றித் தோரணம் கட்டினால், அந்த வீட்டு வாசல் மட்டும் மூளியாக இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் பேருக்கு ஒரு சாமி சிலைகூட இல்லை. வேலைக்காரனும் எஜமானும் ஒருவரையொருவர் 'சகோதரனே' என்கிறார்கள். சரி, போகட்டும் என்றால், புருஷன் கட்டிய பெண்டாட்டியையே 'சகோதரி' என்கிறான். சந்தித்தால் முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். வெளியாளைச் சேர்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு விருந்து நடக்கிறது. அதில் யாருடைய உடலையோ தின்று இரத்தத்தைக் குடிப்பதாக அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் ஓர் ஊருக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

ஊர் கூடி மூன்று தீர்ப்பு எழுதியது. இவர்கள் நாத்திகர்கள். நரமாமிசம் தின்கிறவர்கள். அண்ணன் தங்கை முறை பாராதவர்கள். அதெனாகோரஸ் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் கி.பி. 177 வாக்கில் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸுக்கும் அவர் மகனுக்கும் எழுதிய நீண்ட மனுவில் இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பதில் சொல்கிறார். மனு போட்டவுடன் நடவடிக்கை எடுக்கும் வழக்கம் அந்த ஆட்சியிலும் இருக்கவில்லை.

பிள்ளைக்கறிக்குச் செய்முறையே இருந்தது. மினூசியஸ் ஃபெலிக்ஸ் என்பவர் எழுதிய உரையாடல் நூலில், கிறிஸ்தவர்களைப் பிடிக்காத ஒரு பாத்திரம் அதை விலாவாரியாக எடுத்து வைக்கிறது. கைக்குழந்தை ஒன்றை மாவில் நன்றாகப் புரட்டி வைத்துவிடுவார்களாம். புதிதாகச் சேர வந்தவன் அதைப் பலகாரம் என்று நம்பிக் குத்துவானாம். பிறகு எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்களாம். சாப்பாடு முடிந்ததும் இரண்டாம் காட்சி. விளக்குத் தண்டில் ஒரு நாயைக் கட்டியிருப்பார்கள். கயிறு எட்டாத தூரத்தில் ஒரு தீனித் துண்டை வீசுவார்கள். நாய் பாயும், விளக்கு சாயும், இருட்டில் யாருக்கு யார் என்று முறை பார்க்க முடியாது. விளக்கை வாயால் ஊதினால் அணைந்துவிடாதா, இதற்கு ஏன் ஒரு நாய் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல வதந்தியில் தேவையில்லாத விவரம் ஒன்று இருந்தே ஆகவேண்டும், அதுதான் நம்ப வைக்கும். இதைப் பேசியவர்களில் ஃப்ரான்டோவின் பெயரும் அடிபடுகிறது. ஃப்ரான்டோ பாமரர் அல்ல. மார்க்கஸ் ஆரேலியஸுக்கே பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த வாத்தியார்.

கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் 197 வாக்கில் இதற்கு எழுதிய பதிலில் நல்ல குசும்பு இருக்கிறது. அவர் மறுக்கவில்லை, ஒத்துக்கொண்டு நடத்திக் காட்டுகிறார். சபையில் சேர ஒருவன் வருகிறான். பெரியவர் அவனிடம் சாமான் பட்டியல் கொடுக்கிறார்: இளசாக ஒரு குழந்தை, இரத்தத்தைத் தொட்டுக்கொள்ள ரொட்டி, விளக்குத் தண்டுகள், நாய்கள். முக்கியமாக, வரும்போது அம்மாவையும் தங்கையையும் கூட்டி வரவேண்டும். அம்மா வரமாட்டேன் என்றால்? கூடப் பிறந்தவளே இல்லாத ஒண்டிப் பிள்ளை என்றால்? அவனுக்கு இரட்சிப்பே கிடையாதா? கடைசிவரை முகத்தைச் சீரியஸாகவே வைத்துக்கொண்டு கேட்கிறார்.

குழந்தை விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. கி.மு. 1இல் எகிப்தில் ஹிலாரியன் என்ற கூலித் தொழிலாளி ஊரிலிருக்கும் மனைவிக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் கிடைத்திருக்கிறது. சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன் என்கிறான், கவலைப்படாதே என்கிறான். பிறப்பது ஆணானால் வைத்துக்கொள், பெண்ணானால் வெளியே போட்டுவிடு என்றும் அதே அன்போடு எழுதுகிறான். அந்த உலகத்தில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிக்கவில்லை. வேண்டாத சிசுவைக் குப்பைமேட்டில் போடுவது குடும்ப நிர்வாகம். அது கொலை என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் யூதர்களும் கிறிஸ்தவர்களும். அவர்கள்தான் பிள்ளை தின்னிகள் என்று ஊர் தீர்மானித்தது.

இனி அதிகாரிகள் பக்கம் போவோம். கி.பி. 112 வாக்கில் பித்தினியா, பொந்து பிரதேசங்களுக்கு ஆளுநராக இருந்தவர் ப்ளினி. படித்தவர், வக்கீல், நல்ல மனிதர். ஆனால் பேரரசர் டிராஜனைக் கேட்காமல் ஒரு துரும்பை நகர்த்தமாட்டார். மாமனாரைக் கேட்டுக்கொண்டே செலவு செய்யும் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி, ஓர் ஊரில் பொதுக் குளியல் கட்டடம் கட்டலாமா, இன்னொரு ஊரில் கட்டிய அரங்கம் பூமிக்குள் இறங்குகிறதே, என்ன செய்ய என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதுவார்.

ஒருமுறை நிக்கோமேதியாவில் பெரிய தீ பிடித்தது. ஊரில் பொது வாளி ஒன்றுகூட இல்லை. ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். 150 பேரை வைத்துத் தீயணைப்புக் குழு அமைக்கட்டுமா, தொழிலாளிகளைத் தவிர யாரையும் சேர்க்கமாட்டேன் என்று ப்ளினி பவ்யமாகக் கேட்டார். டிராஜன் மறுத்துவிட்டார். எந்தப் பெயரில் கூடினாலும் கொஞ்ச நாளில் அது அரசியல் சங்கமாகிவிடும், வேண்டுமானால் சாமான்களை வாங்கி வையுங்கள், வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும் என்றார்.

தீயை அணைக்கக் கூடினாலே சதி என்று நினைத்த ஆட்சி அது. அங்கே போய், விடியாத வேளையில் கூடி, ரோம அரசு சிலுவையில் அறைந்து கொன்ற ஒரு தச்சரைத் தெய்வமாகப் பாடினால் என்ன ஆகும்?

மொட்டைக் கடிதம் வந்தது. கையெழுத்தில்லை, நிறையப் பெயர்கள் மட்டும். ப்ளினி பிடித்து விசாரித்தார். கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்பார். மூன்று முறையும் ஆம் என்று சொன்னவனுக்கு மரண தண்டனை. குற்றம் என்னவென்று அவருக்கே தெளிவில்லை. என்னவாக இருந்தாலும் இந்தப் பிடிவாதத்துக்கே தண்டிக்கலாம் என்று அவரே எழுதுகிறார். மறுதலித்தவர்கள் சாம்பிராணியும் திராட்சை ரசமும் பேரரசர் சிலைக்குப் படைத்து, கிறிஸ்துவைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்தக் கூட்டத்தில் அப்படி என்னதான் நடக்கிறது என்று விட்டுப்போனவர்களைக் கேட்டார். அவர்கள் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தால் ப்ளினியின் ஏமாற்றம் புரியும். பாட்டுப் பாடுவோம். பிறகு சத்தியம் செய்வோம். ஆட்சியைக் கவிழ்க்கவா? இல்லை. திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பிக் கொடுத்துவைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று கைவிரிக்கமாட்டோம் என்று. அப்புறம் கலைந்துபோய், மறுபடி கூடிச் சாப்பிடுவோம். சாப்பாடு சாதாரணமானதுதான், கெடுதலில்லாதது. இந்தக் கடைசி விவரத்தை ஓர் ஆளுநர் பேரரசருக்கு எழுதவேண்டிய அவசியமென்ன? அந்தத் தட்டில் வேறொன்றை அவரும் எதிர்பார்த்திருக்கிறார்.

நம்பிக்கை வரவில்லை. சபையில் ஊழியம் செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்யச் சொன்னார். சட்டப்படி அடிமையின் சாட்சியம் அப்படித்தான் வாங்கப்படும். வெறும் மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் வெளிவரவில்லை என்று குறித்துக்கொண்டார். அந்தப் பெண்களின் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை.

கடிதத்தின் முடிவில் ஒரு நல்ல செய்தியும் சொல்கிறார். வெறிச்சோடிக் கிடந்த கோவில்களுக்குக் கூட்டம் வருகிறது, வாங்க ஆளில்லாமல் கிடந்த பலி இறைச்சி மறுபடி விற்கிறது என்கிறார். மொட்டைக் கடிதம் எழுதியவர் தெய்வபக்தியால் எழுதினாரா, கல்லாப்பெட்டி காலியாக இருந்ததால் எழுதினாரா என்று எனக்கு இந்த இடத்தில் பலத்த சந்தேகம்.

டிராஜன் பதில் போட்டார்: தேடிப்போய்ப் பிடிக்காதே, யாராவது பிடித்துக் கொடுத்து நிரூபணமானால் தண்டி, மொட்டைக் கடிதத்தை மட்டும் ஏற்காதே, நம் காலத்துக்கு அது அழகல்ல. நாகரிகமான மனிதர்தான். தேடக்கூடாத அளவுக்கு நிரபராதி, கிடைத்தால் கொல்லும் அளவுக்குக் குற்றவாளி, இதென்ன நியாயம் என்று தெர்த்துல்லியன் பிற்பாடு இந்தத் தீர்ப்பையும் பிய்த்து உதறினார்.

நாத்திகப் புகாரை ஒரு கிழவர் தீர்த்துவைத்தார். சிமிர்னாவின் ஆயர் போலிக்கார்ப்பை 155 வாக்கில் மைதானத்தில் நிறுத்தினார்கள். எண்பத்தாறு வருட ஊழியம். வயசுக்கு மரியாதை கொடுத்துத் தப்பவிடலாம் என்று நினைத்த ஆளுநர், நாத்திகர்கள் ஒழியட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும் என்றார். அந்த ஊர் வழக்கில் நாத்திகர் என்றால் கிறிஸ்தவர். கிழவர் கொஞ்சமும் தயங்கவில்லை. சுற்றிலும் உட்கார்ந்து கூச்சல் போட்ட கூட்டத்தை நிதானமாகப் பார்த்தார், அவர்கள் பக்கம் கையை வீசினார், வானத்தை நிமிர்ந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார், கேட்டதை அப்படியே சொல்லிக் கொடுத்தார். ஆளுநருக்குத் திருப்தியில்லை. எரித்துவிட்டார்கள்.

கழுதைப் புகார் தனி. கிறிஸ்தவர்கள் கும்பிடுவது கழுதைத் தலையை என்று ஒரு பேச்சு. கார்த்தேஜில் ஒருவன் கழுதைக் காது, ஒரு காலில் குளம்பு, மேலே கனவான்கள் உடுத்தும் டோகா, கையில் புத்தகம் என்று ஓர் உருவம் வரைந்து ஊரெல்லாம் காட்டினான். நாங்களும் பார்த்துச் சிரித்தோம் என்கிறார் தெர்த்துல்லியன். அவர் அதிகம் சிரிக்கும் ஆள் அல்ல, ஆகவே படம் நன்றாகத்தான் இருந்திருக்கும். ரோமில் பலத்தீன் குன்றில் 1857இல் இன்னொன்று கிடைத்தது, சுவரில் கீறியது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், கீழே ஒரு பையன் கையை உயர்த்தி நிற்கிறான். அலெக்ஸமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்று பிழையான கிரேக்கத்தில் கேலி. கூடப் படித்த பையன்களோ, வேலை பார்த்தவர்களோ கீறியிருக்கலாம். பக்கத்து அறைச் சுவரில் அலெக்ஸமெனோஸ் விசுவாசமுள்ளவன் என்று லத்தீனில் வேறொரு கீறல். பையனே பதில் எழுதிவிட்டான் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

177இல் லியோனில் கேலி கொலையாயிற்று. கிறிஸ்தவ வீடுகளின் வேலைக்காரர்களைப் பிடித்தார்கள். சித்திரவதைக்குப் பயந்து, சிப்பாய்கள் எடுத்துக்கொடுத்தபடி, ஆமாம், பிள்ளை தின்றார்கள், முறை தவறினார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். ஊர் கொதித்தது. பிப்லிஸ் என்ற பெண் ஏற்கெனவே பயந்து மறுதலித்தவள். புகாரை அவள் வாயாலும் வாங்கிவிடலாம் என்று மறுபடி வதைத்தார்கள். அவளுக்குத் தூக்கம் கலைந்தது போலாயிற்று. ஆட்டு இரத்தம், மாட்டு இரத்தம்கூடச் சாப்பிடக்கூடாது என்றிருப்பவர்கள் குழந்தையை எப்படித் தின்பார்கள் என்று கேட்டாள். நானும் கிறிஸ்தவள்தான் என்றாள். அவளையும் கொன்றார்கள்.

இந்தக் கதையெல்லாம் கிறிஸ்தவர்களுக்கென்று புதிதாகத் தைத்ததல்ல, பழைய சட்டை. கழுதைத் தலைக் கதை யூதர்களைப் பற்றி முன்பே உலவியது. யூதர்கள் வருஷத்துக்கு ஒரு கிரேக்கனைப் பிடித்துக் கோவிலுக்குள் வைத்துக் கொழுக்கவிட்டுத் தின்கிறார்கள் என்று அப்பியோன் என்ற அலெக்சாந்திரியப் பண்டிதர் 1ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருந்தார். அவரைப் போன்றவர்களுக்குப் பதில் எழுதவென்றே யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் ஒரு நூல் செய்யவேண்டியிருந்தது.

கிறிஸ்தவர்கள் அந்தச் சட்டையைக் கழற்றினார்கள். எரிக்கவில்லை, மடித்து வைத்தார்கள். 4ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் அவர்கள் பக்கம் வந்தது. 1022இல் பிரான்சின் ஓர்லியான் நகரத்தில் கொள்கை மாறுபட்ட குருமார்களை எரித்தார்கள். பிறகு அதை எழுதிவைத்த துறவி ஒருவர், அவர்கள் இரவில் கூடுவார்கள், விளக்கை அணைப்பார்கள், முறை பார்க்கமாட்டார்கள், குழந்தையை எரித்துச் சாம்பலைப் பிரசாதம் போல வைத்துக்கொள்வார்கள் என்கிறார். நாயை மட்டும் விட்டுவிட்டார்.

1235 கிறிஸ்துமஸ் நாளில் ஜெர்மனியின் ஃபுல்டாவில் ஒரு மாவுமில்காரரின் ஐந்து பிள்ளைகள் செத்துப்போனார்கள். யூதர்கள் இரத்தத்துக்காகக் கொன்றார்கள் என்று சொல்லி 34 யூதர்களைக் கொன்றது ஊர். பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் விசாரணை வைத்தார். யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த அறிஞர்களைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்துக் கேட்டார். மிருக இரத்தத்தையே விலக்கச் சொல்லும் சட்டத்தின்படி வாழ்கிறவர்கள் மனித இரத்தம் கேட்கமாட்டார்கள் என்று 1236இல் தீர்ப்பு வந்தது. பிப்லிஸ் லியோனில் வதையறையில் தனியாகச் சொன்ன அதே வாதம், இப்போது பேரரசர் முத்திரையோடு.

ஊர் அதையும் கேட்கவில்லை. 1475இல் இத்தாலியின் திரெந்து நகரில் சிமோன் என்ற சிறுபிள்ளை செத்துக் கிடந்தபோது, அதே புகாரின் பேரில் யூதர்களைப் பிடித்து, சித்திரவதையில் ஒப்புக்கொள்ள வைத்துக் கொன்றார்கள். பிள்ளையைப் புனிதராக்கி வழிபட ஆரம்பித்தார்கள். அந்த வழிபாட்டைத் திருச்சபை நிறுத்தியது 1965இல்.