பாடுகிறவனுக்குப் பல்லக்கு, பிடிக்கிறவனுக்குப் பஞ்சு

இளம் கபடி வீரர்களை ஒப்பிட்டுத் தரவரிசை போடுவது இன்று சுலபமான தொழில். ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு கால்குலேட்டர், கணுக்கால் என்பது கொலுசு போடுகிற இடம் என்ற அளவுக்கு உடற்கூறு அறிவு. மூன்றும் இருந்தால் நீங்கள் நிபுணர். பாடிப் போனவன் எத்தனை பேரைத் தொட்டான் என்று கூட்டுங்கள். பெரிய எண் யாருடையதோ அவன் நட்சத்திரம். பிடிக்கிறவன்? குழுப் படத்தில் ஓரமாக நிற்பான். படத்தை அச்சிடும்போது இடம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுகிறவனும் அவனே.

கணக்கு இவர்களை எத்தனை முறை அறைந்தாலும் கன்னம் சிவப்பதில்லை. 2023 அக்டோபரில் நடந்த புரோ கபடி ஏலத்தில் ஈரானின் முகமதுரெசா ஷாத்லூயியைப் புனேரி பல்தான் 2.35 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இருபத்து மூன்று வயதுப் பையன். கார்னரில் நின்று கணுக்காலைக் கவ்வுவதுதான் பிரதான வேலை, வேண்டுமானால் பாடவும் போவான். பிடிக்கிற ஆளுக்கா இவ்வளவு என்று கூட்டம் வாய் பிளந்தது. பிளந்த வாய் மூடுவதற்குள் தெலுகு டைட்டன்ஸ் அணி, பாடிப் போகிற ரெய்டர் பவன் செராவத்தை 2.605 கோடிக்கு வாங்கி உலக ஒழுங்கைக் காப்பாற்றிவிட்டது. சீசன் முடிந்தபோது டைட்டன்ஸ் 22 ஆட்டங்களில் 2 வென்று கடைசி இடத்தில் இருந்தது. கோப்பை புனேவுக்குப் போனது. பவன் புள்ளிகளை அள்ளித்தான் கொடுத்தார். அவர் முன்வாசலில் கொட்டியதெல்லாம் பின்வாசல் வழியே போனால் அவர் என்ன செய்வார்?

அடுத்த சீசனில் பாட்னாவின் இளைஞன் தேவாங்க் 301 ரெய்டு புள்ளிகள் குவித்தான். ஊரே அவன் பெயரைப் பாடியது. 2024 டிசம்பர் 29 அன்று இறுதி ஆட்டத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் 32-23 என்று பாட்னாவை மடக்கியது. ஹரியானாவின் பக்கம் நின்றது யார்? அதே ஷாத்லூயி.

நம் வீட்டுக் கதையையும் பார்த்துவிடலாம். 2022இல் தமிழ் தலைவாஸ் அணி அதே பவனை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், சீசன் முழுக்க அவர் வெளியே. அந்த ஆண்டுதான் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. நரேந்தர் என்ற புதுப் பையன் பாட, சாகர், சாகில் குலியா போன்ற இளைஞர்கள் பின்னால் நின்று பிடித்தார்கள். இதிலிருந்து நிர்வாகம் கற்ற பாடம் என்ன? 2024இல் இன்னொரு ரெய்டர், சச்சின் தன்வர், 2.15 கோடி. பிளே-ஆஃப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படித்தும் தேறாதவர்களைப் பள்ளியில் உட்கார வைப்போம். இங்கே ஏலத்தில் உட்கார வைக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், லீக் தன் வாயாலேயே உண்மையை ஒப்புக்கொள்கிறது. ஒரு ஆட்டத்தில் பத்து ரெய்டு புள்ளி எடுத்தால் ‘சூப்பர் 10’ என்று கொட்டு முழங்கும். பிடிவீரனுக்கு அதே மரியாதை ஐந்து புள்ளிக்கே, ‘ஹை 5’ என்று. அப்படியானால் ஒரு பிடி இரண்டு தொடுதலுக்குச் சமம் என்றுதானே பொருள்? ஆனால் பலகையில் தொட்டாலும் ஒன்று, முழு ஆளையே தரையில் சாய்த்தாலும் ஒன்று. களத்தில் மூன்று பேர் அல்லது அதற்கும் கீழே குறைந்துபோன நிலையில் பிடித்தால் மட்டும் இரண்டு. ஆள் செத்த பிறகு வீட்டுக்கு வருகிற கரிசனம் மாதிரி.

சினிமாவைக் கேட்கவே வேண்டாம். 2004இல் ‘கில்லி’, 2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’, 2025இல் மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவிய ‘பைசன்’. கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் ஆடி அர்ஜுனா விருது பெற்றவர். அவருக்கு ஒரு படம் கட்டாயம் வேண்டும். ஆனால் நாயகன் படம் முழுக்க ரைட் கார்னரில் குனிந்து நின்று, எவன் காலுக்கோ காத்திருந்த தமிழ்ப் படம் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் அப்படித்தான் நின்றார். நாற்பது வயதைத் தாண்டி, 2016இல் பாட்னா அணித்தலைவராகக் கோப்பையும் தூக்கினார். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று பத்து இளைஞர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எட்டுப் பேர் எந்தக் கட்சி என்று கேட்பார்கள்.

பிடிக்கிறவன் ஏன் உருவாவதில்லை என்று பார்க்க இப்போது பச்சைமலைக்கு ஏறுவோம். திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களில் கால் நீட்டிக் கிடக்கும் மலை. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று பிரிந்து வாழும் மலையாளி பழங்குடி மக்கள். கபடிக்கு மட்டை வேண்டாம், பந்து வேண்டாம். பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள சமதரை போதும். நம் கணக்கில் மூன்றேகால் சென்ட். மலையில் சமமாக ஒரு துண்டு நிலம் வாய்த்தால் அதில் மரவள்ளி நிற்கும்; வயிறு முதலில், விளையாட்டு பிறகு. மீதி இருப்பது கல்லும் சரளையும். சரளையில் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தால் எதிராளி விழுவானோ இல்லையோ, பிடித்தவன் முழங்கால் தோல் தரையோடு போய்விடும். அறிவுள்ள பையன் என்ன செய்வான்? பாடக் கற்றுக்கொள்வான், பிடிக்க மாட்டான். பிறகு தேர்வாளர் வந்து, “மலைப் பசங்களுக்கு டிஃபென்ஸ் வராது சார்” என்று தீர்ப்பு எழுதுவார். ஒரு மேட் விரித்துத் தராதவர்கள் ஒரு இனத்தின் இயல்பையே கண்டுபிடித்துவிட்டார்கள்!

பிடி என்பது தனி ஆள் வித்தையும் அல்ல. கார்னர் பாயும்போது கவர் கை கோத்து மூட வேண்டும். அதே ஏழு பேர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடினால்தான் அது கை கூடும். மேல்படிப்புக்குக் கீழே துறையூர் ஒருவன், கூலி வேலைக்குத் திருப்பூர் ஒருவன் என்று பதினேழு வயதில் சிதறுகிற பிள்ளைகளிடம், சங்கிலி போட்டுப் பிடி என்று சொல்வதற்கு வாய் கூச வேண்டும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் இளையோர் ஆசியப் போட்டித் தங்கத்தோடு கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் திரும்பினார்கள். அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. நல்லது, இன்னும் கொடுங்கள். ஆனால் பதக்கம் கழுத்தில் ஏறிய பிறகு கொடுப்பது பரிசு. ஏறுவதற்கு முன்னால் கொடுப்பதுதான் பயிற்சி. முன்னதற்கு மேடை உண்டு, மைக் உண்டு. பின்னதற்குக் கோப்பு மட்டும் உண்டு. பச்சைமலைக் கோப்பு மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்கு நடுவில் விழுந்தால், லெஃப்ட் கார்னர் ரைட் கார்னரைப் பார்க்கும், ரைட் கார்னர் கவரைப் பார்க்கும், யாரும் பாய மாட்டார்கள்.

ரெய்டர்கள் மீது இத்தனை காதல் ஏன் என்று இப்போது புரிகிறதா? நம்மை ஆள வருகிறவர்கள் அத்தனை பேரும் ரெய்டர்கள். துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாகப் பச்சைமலைக்கு வண்டிகள் ஏறும். டாப் செங்காட்டுப்பட்டியில் மாலை. மூச்சுவிடாமல் ஒரு வாக்குறுதி. உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் நடுவே ஒரு படம். இருட்டுவதற்குள் நடுக்கோட்டைத் தாண்டி இறக்கம். கபடியில் பின்னங்காலை அந்தரத்தில் வைத்தபடி போனஸ் கோட்டைத் தாண்டி மிதித்தால்தான் போனஸ். இவர்கள் இரண்டு காலையுமே இந்த மண்ணில் பதித்ததில்லை, ஆனாலும் தேர்தலுக்குத் தேர்தல் போனஸ் விழுகிறது. யாரையும் தொடவில்லை, யாரிடமும் பிடிபடவில்லை, புள்ளி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

ஆகவே தரவரிசை போடும் பெருமக்களே, அடுத்த பட்டியலில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த நாட்டில் கெட்டுப்போனது தாக்குதல் அல்ல, பிடி. பச்சைமலைப் பிள்ளைகளுக்கு முதலில் மூன்றேகால் சென்ட்டும் ஒரு மேட்டும் ஒரு பயிற்சியாளரும் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் அதற்கும் காரணம் தெரியும்: நன்றாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டவன் முதலில் யார் காலைப் பிடிப்பான் என்று உங்களுக்குத் தெரியும்.