சட்டம் பேசும் நோன்னா

இத்தாலியின் போலோஞ்ஞாவில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தால், பசியோடு மட்டும் போனால் போதாது. கொஞ்சம் பணிவோடும் போக வேண்டும். கதவைத் திறக்கிற நோன்னா, அதாவது வீட்டுப் பாட்டி, நீங்கள் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். லசானியா என்றால் பசலைக்கீரை சேர்த்துப் பிசைந்த பச்சை மாவு. நீளக் கட்டையை வைத்துக் கையாலேயே தேய்க்க வேண்டும். நடுவில் மணிக்கணக்கில் கொதித்த கொத்துக்கறிக் குழம்பு, பாலில் செய்த பெஷமெல் சாஸ், பார்மிஜானோ சீஸ். ரிக்கோட்டா? அந்தப் பேச்சே இந்த வீட்டில் கிடையாது.

யார் சொன்னது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1982-இல் இத்தாலியச் சமையல் அகாதெமி அந்தக் கொத்துக்கறிக் குழம்பின் செய்முறையைப் போலோஞ்ஞா வணிகச் சபையில் முறைப்படி பதிவு செய்தது. 2003-இல் பச்சை லசானியாவும் அங்கேயே பதிவானது. குழம்புக்குப் பத்திரம் போட்டு வைத்திருக்கிற ஊர்! நோன்னா பேசுகிற தோரணையைப் பார்த்தால், சாட்சிக் கையெழுத்து இவர்தான் போட்டார் என்று தோன்றும்.

இதெல்லாம் கூடத்துச் சட்டம். அடுப்படிக்கு அது செல்லாது.

பெரிய பேரனுக்கு செலரியைக் கண்டால் ஆகாது. ஆகவே அது கண்ணுக்குத் தெரியாதபடி அரைபட்டுக் குழம்பில் கலந்துவிடுகிறது. 'இதில் செலரியே இல்லடா கண்ணு' என்று ஆணையிட்டுச் சொல்லவும் நோன்னா தயங்குவதில்லை. பேத்தி கறி சாப்பிடுவதை விட்டுவிட்டாள். 'எங்க காலத்தில் இதெல்லாம் ஏது' என்று ஒரு மூச்சு அலுத்துக்கொண்டே, அவளுக்காகத் தனித் தட்டில் காளான் லசானியா அடுப்புக்குள் போகும். மாப்பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஆகவே தட்டின் ஒரு ஓரத்தில் பெஷமெல் இருக்காது. எந்த ஓரம் என்பது நோன்னாவுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

மருமகள் நேப்பிள்ஸ்காரி. திருவிழாக் காலத்தில் அவர்கள் ஊர் லசானியாவில் ரிக்கோட்டா, சின்னச் சின்னக் கறி உருண்டைகள், அவித்த முட்டை எல்லாம் இருக்கும். 'அது லசானியா இல்லை, மூட்டைமுடிச்சு' என்பது நோன்னாவின் பகிரங்கத் தீர்ப்பு. ஆனால் முதல் பேரன் பிறந்த வருஷத்திலிருந்து நடு அடுக்கில் இரண்டு கரண்டி ரிக்கோட்டா எப்படியோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. மருமகளும் அதைக் கேட்பதில்லை, மாமியாரும் சொல்வதில்லை. ஒரு குடும்பத்தில் இதைவிடப் பெரிய சமாதான ஒப்பந்தம் நான் கண்டதில்லை.

பூண்டு விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். 2023-இல் அகாதெமி குழம்பின் செய்முறையைப் புதுப்பித்தபோது, கூடாதவை பட்டியலில் பூண்டும் இருந்தது. தாத்தாவுக்கோ பூண்டு இல்லாமல் இறங்காது. நோன்னா இரண்டு பல்லை முழுசாகப் போட்டுக் கொதிக்கவிட்டு, பரிமாறுவதற்கு முன் கரண்டியால் துழாவி எடுத்துவிடுவார். தடயம் கிடைக்காவிட்டால் வழக்கு நிற்காது என்பது எல்லா ஊர் வக்கீலுக்கும் தெரிந்ததுதானே.

மேசையில் தட்டு வந்ததும் முறுகலான நாலு மூலைகளுக்குச் சண்டை. விருந்தாளி என்பதால் உங்களுக்கு ஒன்று கிடைக்கும். வாயில் வைத்ததும், 'லேசாகப் பூண்டு வாசனை வருகிற மாதிரி...' என்று இழுத்துப் பாருங்கள்.

நோன்னா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.

'பக்கத்து வீட்டுக்காரங்க தெற்கத்தி ஆளுங்க.'