கம்பெனிக்கு மனம் கனியுமா?

கேள்வி: தன்பாலீர்ப்பாளர்களுக்குக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு சலுகை தருகின்றனவே, முதலாளிகளுக்கு மனம் கனிந்துவிட்டதா?

பதில்: கம்பெனிக்கு ஏது மனம்? மனிதவளத் துறைதான் உண்டு! திறமைசாலி எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவாரோ என்ற கவலைதான் முதல் காரணம். அமெரிக்காவில் ஐபிஎம் 1984-லேயே பாகுபாடு கூடாது என்று விதி எழுதியது. 1991-ல் லோட்டஸ் மென்பொருள் நிறுவனம், ஊழியரின் ஒருபால் துணைவருக்கும் மருத்துவக் காப்பீடு தந்தது. டிஸ்னியும் பின்தொடர, 1997-ல் தெற்கு பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபையினர் டிஸ்னியைப் புறக்கணிப்பதாக அறிவித்தார்கள். 2005-ல் அவர்கள்தான் புறக்கணிப்பைக் கைவிட்டார்கள்; டிஸ்னி சலுகையைக் கைவிடவில்லை. இந்தியாவில் டாடா ஸ்டீல் 2019-ல் இந்த வழிக்கு வந்தது.

கேள்வி: ஜனங்கள் ஏற்கிறார்களா?

பதில்: காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பின்படி, ஒருபால் திருமணத்தை ஆதரித்த அமெரிக்கர்கள் 1996-ல் 27 சதவீதம், 2023-ல் 71. முகம் தெரியாதவரை வெறுப்பது சுலபம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நம் வேலையையும் சேர்த்து முடித்துக் கொடுப்பவரை எப்படி வெறுப்பது? லாபக் கணக்கு போட்டுச் செய்தாலும் நியாயம் நியாயம்தான்.