ஆகட்டும், அமைச்சரே!

சர் ஹம்ஃப்ரி ஆப்பிள்பி வாயிலிருந்து 'முடியாது' என்ற பேச்சே வராது. அப்படி முகத்திலடித்தாற்போலச் சொல்வது கவுன்டர் குமாஸ்தா வேலை. இவர் லண்டன் வைட்ஹாலில் ஓர் இலாகாவின் நிரந்தரச் செயலாளர். அமைச்சர் ஆர்வமாக ஒரு திட்டத்தை நீட்டுவார். 'ஆகட்டும், அமைச்சரே' என்பார் இவர். திட்டத்துக்குப் பால் ஊற்றியாயிற்று.

ஆன்டனி ஜேயும் ஜொனாதன் லின்னும் எழுதி, 1980 முதல் 1988 வரை பிபிசியில் வந்த 'எஸ் மினிஸ்டர்', 'எஸ், பிரைம் மினிஸ்டர்' தொடர்களின் நாயகர் இவர். நாயகர் அமைச்சர் ஜிம் ஹேக்கர்தானே என்று கேட்பவர்கள், அரசு அலுவலகப் படி ஏறாத பாக்கியசாலிகள்.

"இது எப்போது நடக்கும், ஹம்ஃப்ரி?" என்று ஹேக்கர் கேட்டுவிட்டால் போச்சு. உரிய காலத்தில், உரிய குழுவின் பரிசீலனைக்குப் பின், நிதிநிலை இடங்கொடுக்கும் பட்சத்தில், முன்னுதாரணங்களுக்குப் பங்கம் வராத வகையில் என்று பதில் நீளும். அது முடிவதற்குள் அமைச்சருக்குக் கேள்வியே மறந்துபோகும். அதற்கும் மசியாவிட்டால், "துணிச்சலான முடிவு, அமைச்சரே" என்று ஒரு பாராட்டு. ஹேக்கருக்கு முகம் வெளுத்துவிடும். சர்ச்சைக்குரிய முடிவு என்றால் கொஞ்சம் ஓட்டுதான் போகும். துணிச்சலான முடிவென்றால் தேர்தலே போய்விடும்.

தொடரில் ஓர் அத்தியாயத்தில் வரும் ஆஸ்பத்திரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. புத்தம் புதுக் கட்டடம். ஊழியர்கள் 500 பேருக்கு மேல். மருத்துவர் இல்லை, நர்ஸ் இல்லை, நோயாளி ஒருவர்கூட இல்லை. ஹேக்கர் பதறுகிறார். ஹம்ஃப்ரிக்கோ அது நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. சுகாதார விருதுக்குக்கூடப் பெயர் அடிபடுகிறது. இருக்காதா பின்னே? நோயாளிகள் வந்தால்தானே அழுக்காகும்! ஹம்ஃப்ரியாக நடித்த நைஜல் ஹாதோர்ன் இதையெல்லாம் சொல்லும்போது முகத்தில் குறும்பு துளியும் தெரியாது. மனிதர் மனசார நம்பித்தான் சொல்கிறார்; வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பது அதுதான்.

இவரை மடக்கியவர் ஒருவர் உண்டு. தொடரின் பரம ரசிகையான அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர், 1984இல் ஹம்ஃப்ரியாகவும் ஹேக்கராகவும் நடித்த இருவரோடும் ஒரு குட்டி நாடகத்தில் தாமே நடித்தார். பொருளாதார நிபுணர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது உத்தரவு. வழக்கம்போல் வழுக்கப் பார்த்த ஹம்ஃப்ரியிடம், 'கல்லூரியில் என்ன படித்தீர்கள்?' என்று கேட்டார் அம்மையார். அரசியலும் பொருளாதாரமும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் இவர். நல்லதாகப் போயிற்று, எங்கிருந்து தொடங்குவது என்று உங்களுக்கே தெரியுமே என்றுவிட்டார் தாட்சர்.